ஹைபிரிட் கேட்பவர்களிடம் நான் கேட்பது

ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு சிரிக்கிறார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. வேறு சொல் கிடைக்காததால் அதையே சொல்கிறேன். வேலையை விட்டுவிட்டேன் என்றால் அடுத்தது எங்கே என்று கேட்பார்கள். அடுத்தது எதுவும் இப்போதைக்கு இல்லை. ஊட்டியில் நான் வேலை பார்த்த கார் சர்வீஸ் சென்டரை மூடிவிட்டு எல்லோரையும் கோவைக்கு வரச் சொன்னார்கள். நான் போகவில்லை. வண்டிகளுக்கு அடியில் குனிந்தே கழிந்த முதுகும் போதும் என்றது.

வேலை போனாலும் கேள்வி போகவில்லை. பெர்ன்ஹில்லில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் முதல், குன்னூரில் டீ ஏல அலுவலகத்தில் இருக்கும் யாரோ ஒருவருடைய மைத்துனர் வரை போன் செய்கிறார்கள். பெட்ரோல் என்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார் வாங்கினால் லாபமா? கேட்பவருக்குப் பக்கத்தில் அவர் மகள் இருந்தால், சுற்றுச்சூழலுக்கு நல்லதாமே என்று ஒரு வாலும் சேரும். இப்போது சர்வீஸ் வேலையில் இருக்கும் இரண்டு பெண்கள், "எழுதிப் போட்டுடுங்கக்கா, கேக்கறவங்களுக்கு லிங்க் அனுப்பிடலாம்" என்றார்கள். பேசிப் பேசித் தொண்டை வறண்டவளுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

நான் பதில் சொல்வதை நிறுத்திப் பல நாளாகிறது. திருப்பி நான்கு கேள்விகள் கேட்கிறேன். ஒரு தடவை கிளப்பினால் வண்டி எவ்வளவு தூரம் ஓடும்? போகும் வழியில் நெரிசல் உண்டா? எத்தனை வருடம் வைத்துக்கொள்ளும் எண்ணம்? பின்சீட்டில் யார் உட்காருவார்கள்? முதல் மூன்றுக்கும் பதில் உடனே வரும். நான்காவதைக் கேட்டதும் பேச்சை மைலேஜுக்கு மாற்றிவிடுவார்கள். ஒருவர், "அது உங்களுக்கு எதுக்குங்க?" என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோவையில் ஆட்டோமொபைல் டிப்ளமோ. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வேலைக்குச் சேர்ந்த பின்பும் வெகுநாள் வாடிக்கையாளர்கள் என்னிடமே, "மெக்கானிக் யாரும் இல்லீங்களா?" என்று கேட்டார்கள். இதையெல்லாம் என்னைப் போன்ற பலரும் எழுதியாகிவிட்டது. விட்டுவிடுகிறேன். ஹைபிரிட் வண்டிகள் வந்தபோது பயிற்சிக்குப் போக மூத்தவர்கள் யாரும் தயாராக இல்லை. கரண்ட் வண்டி நமக்கெதற்கு என்றார்கள். அதனால் என்னை அனுப்பினார்கள். ஒரு சான்றிதழும் தடித்த ரப்பர் கையுறை ஒரு ஜோடியுமாக மலையேறித் திரும்பினேன். அன்றிலிருந்து ஹைபிரிட் என்றால் நான்தான்.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் தேவராஜ் சார். கோடையிலும் கையில்லாத சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. எந்தப் பழுதைக் கொண்டுபோனாலும் ஒரே கேள்விதான்: "பார்த்தது எது, நினைச்சது எது?" ரிப்போர்ட்டில் பார்த்ததற்கு ஒரு கட்டம், நினைத்ததற்கு ஒரு கட்டம் என்று கோடு போட்டு எழுத வேண்டும். 'இருக்கலாம்' என்ற சொல் முதல் கட்டத்தில் வந்தால் தாளைத் திருப்பி நம் பக்கம் தள்ளிவிடுவார். பையன்கள் அவருக்கு 'ரெண்டு கட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தப்பான பதிலோடு போய் நின்றால் திட்ட மாட்டார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்வார். போகலாமா கூடாதா என்று தெரியாமல் நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

அவருடைய கட்டத்தை வைத்துக்கொண்டு, லாபமா என்ற கேள்விக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு டீ எஸ்டேட் மேனேஜர் ஹைபிரிட் வாங்கினார். பங்களாவிலிருந்து ஃபேக்டரி, ஃபேக்டரியிலிருந்து பங்களா. இடையில் எப்போதாவது ஊட்டி. காலைக் குளிரில் ஏறியதும் ஹீட்டர் போடுவார். ஹீட்டருக்குச் சூடு வேண்டும், சூட்டுக்கு என்ஜின் ஓட வேண்டும். என்ஜின் சூடாகி இனி நிற்கலாம் என்று வண்டி நினைக்கும் நேரத்தில் ஃபேக்டரி வந்துவிடும். "என்னோட பழைய வண்டியே இவ்வளவு குடிச்சிருக்காது" என்று பெட்ரோல் பில்லோடு வந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை.

இன்னொருவர் டீ வியாபாரி. ஊட்டியில் வீடு, குன்னூரில் அலுவலகம். சீசனில் ஊட்டி நடுவே சேரிங் கிராஸ் சந்திப்பைத் தாண்டுவதற்கே பொறுமை வேண்டும். நின்று நின்று போகும் அந்த நெரிசலில் அவருடைய வண்டி என்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியில் நகரும். அவருக்கு லாபம். அவருக்குப் பின்னால் பைக்கில் நிற்பவருக்கும் லாபம், முகத்தில் புகை அடிக்காது. ஆனால் அவருக்கு முன்னாலும் பக்கத்திலும் வரிசையாக நிற்கும் டூரிஸ்ட் வேன்கள் புகைந்துகொண்டேதான் இருக்கும். மலைக் காற்றை ஒரு ஹைபிரிட் சுத்தம் செய்யும் என்று என்னால் எழுத முடியாது.

அடுத்து, விற்பனைப் பிரிவுத் தம்பிகள் சொல்லி விற்ற ஒரு வாக்கியம்: "இறக்கத்துல மலையே பேட்டரிய நிரப்பிக் குடுத்துடும்." பாதி உண்மை. இறங்கும்போது சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். ஆனால் அந்த பேட்டரி சிறியது. குன்னூரில் கிளம்பிச் சில கொண்டை ஊசி வளைவுகள் இறங்குவதற்குள் நிரம்பிவிடும். பாதி மலையில் வரும் பர்லியாறு இன்னும் எங்கோ கீழே இருக்கும். அதற்குமேல் மலை கொடுப்பதை வாங்கி வைக்க இடமில்லை. அருவிக்குக் கீழே டம்ளர் பிடிக்கிற கதை. டம்ளர் நிறைகிறது, அதையும் மறுப்பதற்கில்லை.

இவ்வளவுதான் என் பொது அறிவு. இனி நடராஜண்ணன் வண்டி.

நடராஜண்ணன் குன்னூரில் டாக்ஸி ஓட்டுபவர். சுற்றுலாப் பயணிகளை நம்பி இருந்தவர், ஒரு கட்டத்தில் நிரந்தரச் சவாரி ஒன்றுக்கு மாறினார். வாரத்தில் சில நாள் மூன்று நோயாளிகளைக் கோவைக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்க் காத்திருந்து மாலையில் திரும்ப ஏற்றிவர வேண்டும். சர்வீஸ் சென்டரை ஒட்டிய எங்கள் ஷோரூமில் ஹைபிரிட் விலை கேட்டுக்கொண்டிருந்தவரை, தொழில்நுட்பச் சந்தேகம் என்று என்னிடம் அனுப்பினார்கள். நான் மைலேஜ் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"அது கெடக்கட்டுமுங்க அம்மிணி. ஒன்னே ஒன்னு கேக்கோணும். நின்னுட்டு இருக்கறப்ப வண்டி அதிருமுங்களா?"

"நிக்கறப்ப என்ஜினே ஓடாதுங்கண்ணா."

"சுத்தமா?"

"பேட்டரில சார்ஜ் இருக்கற வரைக்கும் சுத்தமா."

வெளியே போய் ஒரு அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். சரோஜாக்கா. டீ ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பிரிவில் வேலை பார்த்து, சிறுநீரகம் கெட்டதால் நின்றவர். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது டீசல் வண்டியின் உதறலும் வாடையும் அவருக்கு ஆகவில்லை. வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி வாந்தி. அவரை ஓட்டிப் பார்க்க வைத்திருக்கும் ஷோரூம் வண்டியின் பின்சீட்டில் உட்காரவைத்தார் நடராஜண்ணன்.

"ஏப்பா நடராசு, ஸ்டார்ட் பண்ணு."

"பண்ணியாச்சுக்கா."

"பொய் சொல்லாத. செத்த வண்டியக் காட்டி உன்னைய ஏமாத்தறாங்க."

வண்டி நகர்ந்தது. சரோஜாக்கா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். ஷோரூமைச் சுற்றி வந்து நின்றதும், "பூனையாட்டம் போகுது. இதுல ஒரு ஆள மோதினாலும் அவனுக்குத் தெரியாது" என்றார். பிறகு, கண்ணை மூடிக்கொண்டே, "வாடை இல்ல" என்றார். நான் போட்ட கணக்குத்தாள் மேசையிலேயே கிடந்தது.

நடராஜண்ணனுக்கு வண்டி கொடுத்த அன்று அதற்கு மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி, ஷோரூம் அன்பளிப்பாக சீட் கவரும் மாட்டிக் கொடுத்தார்கள். தடித்த வெல்வெட். மலைக் குளிருக்கு இங்கே எல்லோரும் கேட்பது அதுதான்.

இரண்டு வருடத்துக்கு மேல் நன்றாக ஓடியது. பிறகு ஒரு மாலை, கோவையிலிருந்து ஏறும்போது பர்லியாறு தாண்டி எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி இழுக்க மறுத்தது. மூன்று பேரையும் வழியில் வந்த ஜீப்பில் ஏற்றிவிட்டு, நடராஜண்ணன் ஊர்ந்து ஊர்ந்து குன்னூர் சேர்ந்தார். மறுநாள் ஊட்டிக்குக் கொண்டுவந்தார். ஸ்கேனரைச் செருகினேன். பேட்டரி. பல செல்கள் ஒரே மாதிரி பலவீனமாகியிருந்தன.

"மாத்தோணும்னா எவ்வளவுங்க ஆகும்?"

சொன்னேன்.

"இப்படியே வித்தா யாராச்சும் எடுப்பாங்களா?"

வாரண்டி இன்னும் இருந்தது. பழுது பேட்டரியுடையது என்று கம்பெனி ஒப்புக்கொண்டால் புதிய பேட்டரி வரும். ஓட்டியவர் தவறு என்று சொல்லிவிட்டால் நடராஜண்ணன் வண்டியை விற்றுவிட்டு மறுபடி ஒரு பழைய டீசலுக்குப் போக வேண்டியதுதான். எது என்று நாங்கள் எழுதும் ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்வார்கள்.

பிரிப்பதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவரையே ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். லவ்டேல் பக்கம் இறக்கம் தொடங்கியதும் அவருடைய இடது கை லீவரைப் பிடித்து நியூட்ரலில் தள்ளியது.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"எறக்கந்தானுங்க."

"இந்த வண்டில நியூட்ரல் போடாதீங்கன்னு டெலிவரி அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னீங்க. காது கேட்டுக்கிச்சு. கை கேக்கலியே."

இந்த மலையில் பழைய டாக்ஸிக்காரர்கள் பலருடைய கையும் அப்படித்தான். இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்று கற்றுக்கொண்ட கை. இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி வளைவுக்கு வளைவு பலகை வைத்திருக்கிறார்கள், கைக்குப் படிக்கத் தெரியாது. ஹைபிரிட்டில் நியூட்ரல் போட்டால், இறக்கம் கொடுக்கும் அந்த ஒரு டம்ளரும் கிடைக்காது. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் தொடர்பு விட்டுப்போகும். வண்டியைப் பிடித்து நிறுத்தும் பாரம் முழுக்க பிரேக்கில் விழும். மிச்சம் பிடிக்க வாங்கிய வண்டியில், மிச்சம் பிடிப்பதாக நினைத்து அதைக் கீழே கொட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து பிரித்தோம். இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. அதில் ஒன்று மாறினாலும் சார் வண்டிப் பக்கம் விட மாட்டார். முதலில் சாவி. சாவி பக்கத்தில் இருந்தாலே விழித்துக்கொள்ளும் வண்டி என்பதால், அதைத் தூரத்து அறையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பிறகு எல்லாக் கார்களிலும் இருக்கும் சாதாரண பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். அதன்பின் கையுறை. எங்கள் ஈரத்தில் ரப்பர் சீக்கிரம் கெடும். அதனால் மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டிக் காற்றை விரல்களுக்குள் அடைத்து, கன்னத்தருகே பிடித்துப் பார்ப்பேன். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கன்னத்துக்குத் தெரியும். பிறகுதான் ஹைபிரிட் பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும், ஆரஞ்சு நிறக் கைப்பிடி உள்ள சர்வீஸ் பிளக்கை உருவ வேண்டும். உருவியதும் அதை சார் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேலை முடியும்வரை அது அங்கேதான் இருக்கும். ஆள் வண்டிக்குள் இருக்கும்போது வேறு யாரும் அதைச் செருகிவிடக் கூடாது. சாப்பிடப் போனாலும் பையில் ஆரஞ்சுக் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்க, அப்படியே போவார். மீதமிருக்கும் மின்சாரம் வடியக் காத்திருக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் டீ குடிப்பார். டீ தீர்ந்துபோனாலும் காத்திருப்பு குறையாது. கடைசியில் மீட்டரை வைத்து, பூஜ்யம் என்று நான் உரக்கச் சொல்ல வேண்டும். அவர் குனிந்து தன் கண்ணால் பார்ப்பார். "ம்" என்பார். அதன்பிறகுதான் ஸ்பேனர்.

பின்சீட்டைத் தூக்குவதற்காக கவரை உருவியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஹைபிரிட் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அது சூடாகாமல் இருக்க, சீட்டின் கால்பக்கம் ஒரு சிறிய ஜன்னல்மாதிரிக் கம்பித்தடுப்பு உண்டு. அதன்வழியே விசிறி காற்றை இழுக்கும். வெல்வெட் கவர் அந்த ஜன்னலை ஏறக்குறைய முழுவதும் மூடியிருந்தது. மிச்சமிருந்த இடுக்கின் உள்ளே ஃபில்டரைக் கழற்றினேன். கம்பளிப் போர்வையின் ஒரு துண்டு போல வந்தது. மெரூன், பச்சை, குரங்குக் குல்லாய்ச் சாம்பல். மெரூன் அதிகம். அது சரோஜாக்காவின் சால்வை நிறம். மருத்துவமனை வெயிலில் பகலெல்லாம் நின்று, நான்கு பேருடன் மலையேறும் வண்டி, மூச்சுக் காற்றுக்குப் பதில் கம்பளி நாரை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கவரை மடிக்கும்போது அடிவிளிம்பில் ஒரு துணி லேபிள் தைத்திருந்தது. எங்கள் ஷோரூம் பெயர்.

ரிப்போர்ட் எழுதி சார் மேசையில் வைத்தேன். முதல் கட்டத்தை மெதுவாகப் படித்தார்.

"நியூட்ரல் போட்டதையும் எழுதியிருக்கீங்க."

"பார்த்தேன் சார்."

"அவங்க இதையேதான் புடிச்சுக்குவாங்க."

"தெரியும் சார்."

"எடுத்துடலாமா?"

அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. சோதிக்கிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நின்றேன். நடராஜண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தது கண்ணாடி வழியே தெரிந்தது.

"பார்த்தது சார். இருக்கட்டும்" என்றேன்.

"லேபிளும் பார்த்ததா?"

"ஆமாங்க சார்."

கவரை வரவழைத்துத் தானே விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சீட் கவர் போன்ற துணைப்பொருள்கள் விற்கும் கவுண்ட்டரிலிருந்து பிரபுவைக் கூப்பிட்டார். பிரபு பயந்துபோய் வந்தான்.

"எல்லா வண்டிக்கும் ஒரே கவர்தான சார் மாட்டறோம். இதுக்கு அடியில மூச்சு இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லலியே."

"யாரும் சொல்லல" என்றார் சார். "சரி, போ."

கையெழுத்துப் போட்டு அனுப்பினார். சில நாளில் மலைக்குக் கீழேயிருந்து கம்பெனியின் வாரண்டி அதிகாரி போன் செய்தார். சார் ஸ்பீக்கரில் போட்டார். கையில் இருந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே பேசினார்.

"சார், இது டிரைவர் மிஸ்யூஸ். நியூட்ரல்ல இறக்கியிருக்கார். உங்க ரிப்போர்ட்லயே இருக்கு."

"இருக்கு. நியூட்ரல்ல பேட்டரிக்குக் கரண்ட் போகுமா?"

"போகாது."

"வெளிய வருமா?"

"பெருசா வராது."

"போகாத, வராத கரண்ட்ல பேட்டரி எப்படிங்க சூடாகும்?"

சார் ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார்.

"பிரேக் பேட் தேஞ்சிருந்தா அவர் தலையில கட்டுங்க, நானே பில் போடறேன். தேஞ்சுதான் இருக்கு. இது சூட்டுல போன பேட்டரி."

"அப்ப சீட் கவர் காரணம்."

"ஆமா. அது நாங்க மாட்டினது."

"சார், இதை எழுத்துல குடுப்பீங்களா?"

"குடுத்தாச்சு. ரெண்டாம் பக்கம் பாருங்க."

போனை வைத்துவிட்டு என்னிடம், "டீ வந்துச்சா?" என்றார். அவ்வளவுதான். அவர் மறைக்கச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. நான் எடுத்துவிடலாமா என்று தயங்கிய நியூட்ரல் வரிதான், சூட்டுக்கும் ஓட்டுநருக்கும் சம்பந்தமில்லை என்று பேச அவருக்கு வழி கொடுத்தது. அதற்காக நான் மகிழ்ந்ததாக நினைவில்லை. இரவு நன்றாகத் தூங்கினேன், அதுமட்டும் நினைவிருக்கிறது.

முடிவு வர வாரங்கள் ஆயின. நடராஜண்ணன் யாருடைய டீசல் வேனையோ இரவல் வாங்கி நோயாளிகளை அழைத்துப் போனார். அந்த நாட்களில் சரோஜாக்கா எனக்குப் போன் செய்தார்.

"அம்மிணி, என் வண்டிய எப்பக் குடுப்பீங்க?"

"உங்க வண்டியாக்கா?"

"ஸ்டியரிங்கு நடராசோடது. பின்சீட்டு என்னுது."

"சீக்கிரம் வந்துடும்கா."

"இந்த வேன்ல போனா குடலே வெளிய வந்துருமாட்ட இருக்குது. நேத்து பாதி ரோட்டுல எறங்கி உக்காந்துட்டேன். இனி வரலைன்னு நடராசுகிட்ட சொல்லிட்டேன்."

"வரலைன்னா எப்படிக்கா?"

"அதான் அவனும் கேக்கறான்."

டயாலிசிஸை விட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அன்று மட்டும் வாரண்டி அலுவலகத்துக்கு நான் எத்தனை தடவை போன் செய்தேன் என்று பக்கத்து மேசைக்காரர்கள் கேலி செய்தார்கள். நடராஜண்ணன் அவரை எப்படியோ பேசி, பிளாஸ்டிக் பையும் எலுமிச்சம்பழமும் கொடுத்து, ஒரு முறையும் விடாமல் அழைத்துப் போனார்.

கடைசியில் கம்பெனி பாதி, எங்கள் ஷோரூம் பாதி என்று ஏற்றுக்கொண்டு புதிய பேட்டரி வந்தது. நடராஜண்ணனிடம் பிரேக் பேடுக்கு மட்டும் பில் போட்டோம். அதன்பிறகு வந்த எல்லா ஹைபிரிட்டிலும் கவரை நானே கத்தரியால் ஜன்னல் வடிவில் வெட்டிவிட்டேன். ஃபில்டரிலிருந்து கம்பளி எடுப்பதை ஒவ்வொரு சர்வீஸிலும் சேர்த்துக்கொண்டேன். அடுத்த மாற்றல் பட்டியலில் தேவராஜ் சார் சமவெளியில் பழைய கார் விற்கும் யார்டுக்குப் போனார். உத்தரவில் காரணம் எழுதவில்லை. காரணம் என்று நான் நினைப்பது ஒன்று உண்டு. பார்த்தது அல்ல என்பதால் இங்கே எழுதவில்லை. போகும் நாளில் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார், கீழே தேவைப்படாது என்று.

புதிய பேட்டரி போட்ட கொஞ்ச நாளில் எனக்குக் கோவையில் ஒரு வேலை இருந்தது. மாலையில் திரும்பும்போது நடராஜண்ணன் வண்டியிலேயே ஏறிக்கொண்டேன். பின்சீட்டில் நோயாளிகள் மூவர். மற்ற இருவரும் மலையடிவாரத்தில் கல்லாறு தாண்டும் முன்பே கண்ணை மூடிவிட்டார்கள். சரோஜாக்கா மெரூன் சால்வையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, "சன்னல் மேல படலையே? அப்புறம் கம்பளிய வெட்டிப் போடுவீங்க" என்றார்.

பர்லியாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில், இறங்கிவந்த டூரிஸ்ட் பஸ்ஸும் ஏறிப்போன வேனும் முட்டிக்கொண்டு நின்றன. வரிசை நீண்டது. எல்லா வண்டிகளும் உறுமிக்கொண்டிருந்தன. எங்கள் வண்டி நின்றதும் என்ஜின் அணைந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டார் நடராஜண்ணன்.

"அம்மிணி, நெசத்தச் சொல்லு. இந்த வண்டி நடராசுக்கு லாபமா, நட்டமா?"

"அது, ஓடற தூரத்தப் பொறுத்ததுக்கா. கீழ ரோட்டுல சீரா ஓடறப்ப பெருசா வித்தியாசம் இருக்காது. நெரிசல்ல இருக்கும். இன்னும் எத்தனை வருசம் வெச்சிருப்பாருங்கறதும் இருக்குது. பேட்டரி இன்னொரு தடவை போகாம இருந்தா..."

பதில் வரவில்லை என்று திரும்பினேன். சரோஜாக்கா வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

நடராஜண்ணன் ஏசியை அணைத்தார். திரையில் பேட்டரிக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்ஜின் எப்பங்க போடும்?"

"இன்னும் ஒரு கோடு கொறைஞ்சா தானாவே போட்டுக்கும்ணா."

"அதிருமுங்களா?"

"கொஞ்சம்."

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முன்னால் யாரோ இறங்கிப் பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கையாட்டிக்கொண்டிருந்தார். கோடு குறைந்தது. என்ஜின் ஓடத் தொடங்கியது. ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம் தெரிந்தது. நடராஜண்ணன் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார்.

"எந்திரிக்கலீங்க" என்றார்.

பஸ் வழிவிட்டது. எல்லோரும் ஹாரன் அடித்து ஏறும் அந்த வளைவில், அவர் ஹாரன் அடிக்காமல் வண்டியை நகர்த்தினார்.